இருதயத்தில் ஏறும் துரு

இரும்பைத் துரு தின்னும் என்பது ஊரறிந்த சேதி. மனித உடலையும் ஒருவகைத் துரு தின்கிறது என்பது அவ்வளவாக அறியப்படாத சேதி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே; அது பிராணவாயு. எந்த வாயு சில நிமிஷங்கள் கிடைக்காவிட்டால் மனிதன் மாண்டு போவானோ, அந்த வாயுவே அவனுடைய சரீரத்தை உள்ளிருந்து மெல்ல மெல்ல அரிக்கவும் செய்கிறது என்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

எல்லோர் உடலிலும் இந்த அரிப்பு உண்டு. ஆனால் சர்க்கரை வியாதி கண்டவர்களிடம் அது வேகம் கொள்ளுகிறது. அந்த வேகத்தின் அடியைப் பெரிதும் தாங்குபவை ரத்தக் குழாய்களும் இருதயமுமே. நீரிழிவுக்காரர்களின் மரணத்துக்கு முதன்மையான காரணம் எது என்று கேட்டால், டாக்டர்கள் இருதய நோயையும் ரத்தக் குழாய் நோயையுமே சொல்லுகிறார்கள்.

இந்த உண்மை வெளியானதும் அதன் பின்னாலேயே ஒரு வியாபாரமும் புறப்பட்டுவிட்டது. துருவைத் தடுக்கும் சத்துக்கு 'ஆண்டி ஆக்ஸிடண்ட்' என்று பெயர். அந்தச் சத்தைப் புட்டியில் அடைத்து, "தினம் ஒன்று விழுங்குங்கள், இருதயம் பத்திரம்" என்று விற்கிறார்கள். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் என்று பல பெயர்கள், பல நிறங்கள், பல விலைகள். டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையை மாதக் கடைசியில் நிறுத்திவிட்டு, இந்தப் புட்டியை மட்டும் கடன் வாங்கியாவது வாங்குகிறவர்கள் உண்டு. இப்படிச் செய்வது சரிதானா? இருதயத்தை இந்தப் புட்டி காக்குமா? காக்காது என்றால் வேறு எது காக்கும்? கோடிக்கணக்கான குடும்பங்களின் பணமும் பிராணனும் சம்பந்தப்பட்ட கேள்வி இது.

உலையும் பொறியும்

மனித இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு ஓய்வு கிடையாது. இத்தனை உழைப்புக்கும் சக்தி வேண்டுமல்லவா? அந்தச் சக்தியை உண்டாக்குவதற்காக இருதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகள் ஏராளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இருதயத் தசைச் செல்லின் கன அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த உலைகளே என்றால், இருதயம் எவ்வளவு பெரிய தொழிற்சாலை என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

உணவிலிருந்து வரும் சர்க்கரையும் கொழுப்பும் இந்த உலைகளில் பிராணவாயுவின் துணையோடு எரிகின்றன. கொல்லன் உலையில் காற்றுத் துருத்தியை ஊதும்போது பொறிகள் தெறிப்பதில்லையா? அதுபோல இந்த உலைகளிலும் தெறிப்பு உண்டு. எரிப்பு ஒழுங்காக முடியாமல், ஒரு சிறு பங்கு பிராணவாயு மட்டும் முறுக்கேறிய நிலையில் வெளியே கிளம்பிவிடுகிறது. 'சூப்பர் ஆக்ஸைடு' என்பது இதன் பெயர். இது எதைத் தொட்டாலும் அதிலிருந்து ஒரு துகளைப் பறித்துக் கொள்ளும். பறிகொடுத்த பொருள் கெட்டுப் போகும். கொழுப்பைத் தொட்டால் கொழுப்பு சிக்குப் பிடிக்கும். புரதத்தைத் தொட்டால் புரதம் வேலைக்கு உதவாமல் போகும்.

இயற்கை இதற்குக் காவலும் வைத்திருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த மக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற இரு விஞ்ஞானிகள், இந்தப் பொறியை அணைப்பதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைப்போல இன்னும் சில காவலர்களும் உண்டு. குளுடாதையோன் என்பது அவற்றுள் முக்கியமானது. பொறியும் காவலும் சமமாக இருக்கும்வரை உடலுக்குக் கேடில்லை. பொறி மிகுந்து காவல் தளர்ந்தால்தான் துரு ஏறத் தொடங்குகிறது.

சர்க்கரை செய்யும் சதி

நீரிழிவு வந்தால் இந்தச் சமநிலை ஏன் குலைகிறது? உடலிலுள்ள செல்களில் பல, ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகும்போது தங்கள் வாசலை ஓரளவு சாத்திக் கொள்ளும். ஆனால் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் பதிந்திருக்கும் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளியே எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அவ்வளவும் உள்ளே நுழைந்துவிடும். அளவுக்கு மீறி விறகு திணித்த அடுப்பு எப்படிப் புகையுமோ அப்படி, அங்குள்ள உலைகளில் சூப்பர் ஆக்ஸைடு பெருகுகிறது. நீரிழிவால் கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக் குழாய் என்று பல இடங்களில் வரும் கேடுகளுக்கு இந்த ஒரே பெருக்கம்தான் பொதுவான வேர் என்ற கருத்தை அமெரிக்க டாக்டர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் எடுத்துரைத்தார். நீரிழிவு ஆராய்ச்சியில் அது ஒரு திருப்பம்.

சர்க்கரை மிகுந்தால் உடல் அதை வேறு வழிகளிலும் கழிக்கப் பார்க்கிறது. ஒரு வழியில் சர்க்கரையை மாற்றும்போது, குளுடாதையோன் என்ற காவலரைப் புதுப்பிப்பதற்காக வைத்திருந்த இருப்புச் செலவாகிவிடுகிறது. கொள்ளைக்காரர்கள் பெருகும் சமயத்தில் காவலர்களுக்குச் சம்பளம் நின்றுபோன கதைதான்.

இன்னொரு கேடும் உண்டு. மிகுதியான சர்க்கரை, அகப்பட்ட புரதத்தோடெல்லாம் பாகு போல ஒட்டிக் கொள்கிறது. ரத்தத்தின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினும் தப்புவதில்லை. நீரிழிவுக்காரர்களிடம் இப்படிச் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் அதிகமாக இருப்பதை 1968இல் டெஹ்ரான் நகரில் டாக்டர் ஸாமுவேல் ராபர் கண்டார். இன்று எங்கும் செய்யப்படும் 'எச்.பி.ஏ.1.சி.' பரிசோதனை அதிலிருந்து பிறந்ததே. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். ஆகவே இந்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரைக் கணக்கைக் காட்டிக் கொடுத்துவிடும். பரிசோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

இருதயத்துக்கு இரட்டை ஆபத்து

ரத்தக் குழாய்கள் சுருங்காமல் விரிந்து கொடுப்பதற்காக அவற்றின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. இந்த உண்மையைக் கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. சூப்பர் ஆக்ஸைடு மிகுந்தால் இந்த நல்ல வாயுவைப் பிடித்து அழித்துவிடுகிறது. குழாய் இறுகுகிறது. அதே சமயம் குழாய்ச் சுவருக்குள் புகுந்த கெட்ட கொலஸ்ட்ராலும் இந்தத் துருவால் சிக்குப் பிடிக்கிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள், அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு அங்கேயே உப்பிக் கிடக்கின்றன. நாளடைவில் அது மேடாகிறது. ஒரு நாள் அந்த மேடு வெடித்து ரத்தம் உறைந்தால் அதுவே மாரடைப்பு.

இது முதல் ஆபத்து. இரண்டாவது ஆபத்து அதைவிட அமைதியானது. ரத்தக் குழாயில் அடைப்பே இல்லாவிட்டாலும் நீரிழிவு இருதயத் தசையையே பலவீனப்படுத்திவிடும். 1972இல் நியூயார்க்கில் டாக்டர் ரூப்லரும் அவருடைய சகாக்களும், இருதயம் செயலிழந்து இறந்த நான்கு நீரிழிவுக்காரர்களின் இருதயங்களைப் பரிசோதித்தார்கள். குறிப்பிடத்தக்க அடைப்பு எதுவும் காணோம். தசையே கெட்டிருந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊர் மக்களைப் பல்லாண்டு கண்காணித்த ஆராய்ச்சியின் 1974ஆம் ஆண்டு அறிக்கையும் இதற்கு ஒத்தே இருந்தது. நீரிழிவுள்ள ஆண்களுக்கு இருதயம் தளரும் அபாயம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல். பெண்களுக்கோ ஐந்து மடங்கு.

இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, ரத்தம் நிறையச் சர்க்கரை இருந்தும் இருதயத் தசையால் அதைத் தேவையான அளவு பயன்படுத்த முடிவதில்லை. குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் வயல் காய்வது போன்ற நிலை. ஆகவே தசை பெரும்பாலும் கொழுப்பையே எரித்துப் பிழைக்கிறது. கொழுப்பை எரிக்கப் பிராணவாயு அதிகம் வேண்டும். உலையில் பொறியும் அதிகம் தெறிக்கும். ஆண்டுக் கணக்கில் இது நடந்தால் தசை தடித்து, இறுகி, சோர்ந்துவிடுகிறது.

இந்தக் கேடுகள் பல சமயம் வலி காட்டாமல் வருகின்றன என்பதே பெரிய ஆபத்து. நீரிழிவு நரம்புகளையும் மந்தமாக்கிவிடுவதால், மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு நெஞ்சுவலி தெரிவதில்லை. காரணமில்லாத மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, என்றுமில்லாத அசதி இவை மட்டுமே தோன்றலாம். "வாயுத் தொந்தரவு" என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதே புத்திசாலித்தனம்.

பரீட்சையில் தோற்ற புட்டிகள்

துருவினால்தான் கேடு என்றால், துருவைத் தடுக்கும் வைட்டமினைக் கொடுத்தால் கேடு நீங்க வேண்டும். இது யாருக்கும் தோன்றும் நியாயம். விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. ஆனால் விஞ்ஞானிகள் நியாயத்தோடு நின்றுவிடவில்லை. பரீட்சை செய்தும் பார்த்தார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த பரீட்சையின் முடிவு 1994இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் கூடியிருந்தது. காக்கும் என்று கொடுத்த மாத்திரை கேடு செய்தது கண்டு மருத்துவ உலகம் திடுக்கிட்டது.

அடுத்து 'ஹோப்' பரீட்சை. இருதய நோய் உள்ளவர்களும், அதற்கான அபாயமுள்ள நீரிழிவுக்காரர்களுமாக 9,541 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு சாராருக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ. மற்றொரு சாராருக்கு வெறும் பொய் மாத்திரை. நாலரை ஆண்டுகள் கழித்து, 2000இல் கணக்குப் பார்த்தபோது இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. ஆராய்ச்சி மேலும் நீடிக்கப்பட்டது. 2005இல் வெளியான முடிவு இன்னும் மோசம்: வைட்டமின் ஈ உண்டவர்களிடம் இருதயத் தளர்ச்சி சற்று அதிகமாகவே காணப்பட்டது.

பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்த பரீட்சை 2002இல் முடிந்தது. அங்கே வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்தே ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் அளவு உயர்ந்தது. இருதயத்துக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. இந்த இரண்டு பரீட்சைகளிலும் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயம் உண்டு. 'ஹோப்' பரீட்சையில் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையும், பிரிட்டிஷ் பரீட்சையில் ஸிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையும் கூடவே சோதிக்கப்பட்டன. அவை இரண்டும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்தன. நீரிழிவுக்காரர்களுக்கும் அந்தப் பலன் கிட்டியது. ஒரே பரீட்சை, ஒரே வகை ஜனங்கள். வைட்டமின் தோற்றது, சாதாரண மாத்திரை வென்றது. இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுமா?

வைட்டமின் ஏன் தோற்றது? பொறி தெறிப்பது செல்லுக்குள், உலையின் வாயிலில். விழுங்கிய வைட்டமின் உரிய அளவில், உரிய நேரத்தில், உரிய இடத்துக்குப் போய்ச் சேருவது சுலபமல்ல. சூப்பர் ஆக்ஸைடு ஒரு கணத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும். விநாடிக்கு விநாடி புதிதாகப் பிறந்து கொண்டும் இருக்கும். கூரை ஒழுகும்போது ஓட்டை மாற்றாமல் தரையைத் துடைத்துக் கொண்டே இருப்பதால் என்ன லாபம்?

மேலும், பொறி முழுவதுமே தீமை அல்ல. 2009இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். தேகப் பயிற்சி செய்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் என்பது தெரிந்ததே. பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் உண்ட இளைஞர்களுக்கு அந்த நன்மை கிட்டாமல் போயிற்று. உழைக்கும்போது தசையில் எழும் சிறு பொறிதான், "காவலைப் பலப்படுத்து" என்று உடலுக்குச் சொல்லும் மணியோசை. மாத்திரை அந்த மணியின் நாக்கைக் கட்டிவிட்டது.

வைட்டமின் பற்றாக்குறை இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால், அது வேறு விஷயம். அதை அவசியம் உண்ண வேண்டும். இருதயத்துக்குக் கவசம் என்று நினைத்துத் தாமே வாங்கி உண்பதுதான் வீண்.

வேரிலேயே தடுக்கும் வழி

துருவைத் துடைக்க முடியாது என்றால், துரு ஏறாமல் தடுக்கலாம். அதற்கு வழி உண்டு. அந்த வழிக்கு ஆதாரமும் உண்டு.

முதலாவது, சர்க்கரையை ஆரம்பத்திலேயே அடக்குவது. பிரிட்டனில் 1977இல் தொடங்கிய பெரும் ஆராய்ச்சி ஒன்றில், புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேர் சேர்ந்தார்கள். 1998இல் முடிவு வெளியாயிற்று. பிறகு எல்லோரும் வழக்கமான சிகிச்சைக்குத் திரும்பிவிட்டதால், இரு சாராரின் சர்க்கரை அளவிலும் இருந்த வித்தியாசம் ஒரே ஆண்டில் மறைந்தது. ஆயினும் பத்து ஆண்டுகள் கழித்து, 2008இல் பார்த்தபோது, ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் மாரடைப்பு 15 சதவீதம் குறைவாக இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையோடு தொடங்கிய பருத்த உடலினருக்கோ 33 சதவீதம் குறைவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 இன்சுலின் நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியும் இதையே காட்டிற்று.

உடல் எதையும் மறப்பதில்லை என்பது இதன் பொருள். முதல் சில ஆண்டுகளில் சர்க்கரை இழைத்த கேட்டையும் அது நினைவில் வைத்திருக்கும். அப்போது செய்த நன்மையையும் நினைவில் வைத்திருக்கும். "இப்போதுதானே வந்திருக்கிறது, ஒன்றும் செய்யவில்லையே" என்று முதல் ஐந்து ஆண்டுகளை அலட்சியமாகக் கழிப்பவர்கள், பின்னால் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டிவரும்.

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. நெடுங்காலம் நோய் கண்ட, வயது சென்ற 10,251 பேரிடம் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, மரணம் கூடியதால் 2008இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அவரவர் வயதையும் நிலையையும் பார்த்து டாக்டரே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு இவருக்கு உதவாது.

இரண்டாவது, சர்க்கரை ஒன்றையே பார்த்துக் கொண்டிராமல் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகையிலை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அடக்குவது. டென்மார்க்கில் 160 நீரிழிவுக்காரர்களிடம் இப்படி நாற்புறமும் வளைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். 2003இல் வெளியான முடிவில் இருதய, ரத்தக் குழாய் விபத்துகள் பாதிக்குமேல் குறைந்திருந்தன. 2016இல் மறுபடி கணக்கெடுத்தபோது, அந்தச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் எட்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரிந்தது. அந்தச் சிகிச்சையில் வைட்டமின் மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது உண்மையே. ஆனால் வைட்டமினைத் தனியே நிறுத்திச் சோதித்த பெரிய பரீட்சைகளில் அது தோற்றிருப்பதால், வெற்றிமாலையை அதன் கழுத்தில் போட முடியாது.

மூன்றாவது, புதிய மருந்துகள். ஆப்பிள் மரத்து வேர்ப் பட்டையிலிருந்து 1835இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள் பிரித்தெடுத்த ஃபுளோரிஸின் என்ற பொருள், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் குணமுடையது. அந்த வழியைப் பின்பற்றிப் பிறந்தவையே எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் முதலிய மாத்திரைகள். இருதய நோயுள்ள 7,020 நீரிழிவுக்காரர்களிடம் எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். இருதய நோயால் நேரும் மரணம் 38 சதவீதமும், இருதயத் தளர்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் சேருவது 35 சதவீதமும் குறைந்தன. 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி, விலை வெகுவாக இறங்கிற்று. இது எல்லோருக்கும் ஏற்ற மருந்தல்ல. சிறுநீர்த் துவாரத்தில் தொற்று வரலாம். சிலருக்கு ரத்தத்தில் அமிலம் மிகும் அபாயமும் உண்டு. எனவே டாக்டர் சொன்னாலொழிய இதைத் தொடக்கூடாது. ஆனால் இருதயம் தளர்ந்த நீரிழிவுக்காரர், "இந்த மருந்து எனக்கு ஆகுமா?" என்று டாக்டரிடம் அவசியம் கேட்க வேண்டும்.

இலையும் நடையும்

மாத்திரையில் தோற்ற ஆண்டி ஆக்ஸிடண்ட், உணவில் இருக்கும்போது மட்டும் எப்படி நல்லதாகும் என்று சிலர் கேட்கலாம். கீரையிலும் காயிலும் பழத்திலும் பருப்பிலும் வைட்டமின் மட்டுமா இருக்கிறது? நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, நல்ல கொழுப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவை இலையில் இடம் பிடித்துக் கொள்வதால் சோற்றுக்கும் சர்க்கரைக்கும் இடம் குறைகிறது. அடுப்பில் விறகு குறைந்தால் பொறியும் குறையும். ஸ்பெயின் நாட்டில் 7,447 பேரிடம் நடந்த உணவு ஆராய்ச்சியில், காய்கனிகளோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ மிகுந்த உணவை உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன சுமார் 30 சதவீதம் குறைந்தன. சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நீரிழிவுக்காரர்கள்.

நம் இலையில் செய்ய வேண்டிய மாறுதல் பெரிதல்ல. சோற்றைக் குறைத்து, கூட்டையும் பொரியலையும் கூட்டிக் கொள்ள வேண்டும். பயறும் சுண்டலும் தினம் சேர வேண்டும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பலகாரம் சுடுவது கூடாது. காய்ந்து காய்ந்து கெட்ட எண்ணெய் என்பது அடுப்பிலேயே துருப்பிடித்த எண்ணெய்தான். பழத்தைச் சாறாக்கிக் குடிக்காமல் பழமாகவே அளவோடு தின்ன வேண்டும். உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தமும் குறையும்.

நடை, காசில்லாத மருந்து. வாரம் 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், வேகமாக நடந்தால் போதும் என்கிறார்கள் டாக்டர்கள். உடலின் சொந்தக் காவலர்களை எழுப்பிவிடும் மணியோசை அதுவே. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் கொண்டு தொடங்க வேண்டும். பீடி, சிகரெட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. துருவை உண்டாக்கும் பொருளை நேராக நுரையீரலுக்குள் ஊதிக் கொண்டே, துருவைத் தடுக்க மாத்திரை தேடுவது நகைப்புக்குரியது.

நோய் வருவதற்கு முன்பே இந்த வழி பலன் தரும் என்பதற்கு அத்தாட்சி சென்னையிலேயே கிடைத்தது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரிடம் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளில், உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக் கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ இவ்வளவே.

சட்டமும் சமூகமும்

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசீய ஆய்வு 2023இல் கணக்குச் சொல்லிற்று. இத்தனை பேர் பயத்தோடு இருக்கும் நாட்டில், பயத்தை விற்றுப் பணம் பண்ணுவது எளிது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. நீரிழிவையும் இருதய நோயையும் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954ஆம் ஆண்டிலேயே பார்லிமெண்ட் சட்டம் இயற்றிவிட்டது. ஆனால் 'குணப்படுத்தும்' என்று சொல்லாமல் 'துணை புரியும்', 'பலப்படுத்தும்' என்று வார்த்தையை மாற்றிப் போட்டுத் தப்பித்துக் கொள்ளுகிறார்கள். மருந்து என்று சொல்லாமல் சத்துணவு என்று பெயர் சூட்டிக் கொள்ளுகிறார்கள். வார்த்தை மாறினாலும் வாங்குகிறவரின் மனத்தில் விழும் எண்ணம் ஒன்றே. அந்த எண்ணத்தின் பலனாக ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவாரானால், அந்தப் பாவத்தில் விளம்பரக்காரருக்கும் பங்கு உண்டு. அதிகாரிகள் எழுத்தை மட்டும் பார்க்காமல் கருத்தையும் பார்க்க வேண்டும்.

மற்றொரு புறம், பரீட்சையில் வென்ற மாத்திரைகளில் பல விலை மலிந்தவை. மெட்ஃபார்மினும், ரத்த அழுத்த மாத்திரைகளும், கொலஸ்ட்ரால் மாத்திரையும் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தது. இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைக்கு மதிப்பில்லை, விலை கொடுத்து வாங்கும் புட்டிக்கே மதிப்பு என்ற மனோபாவம் மாறினாலொழிய எந்தத் திட்டத்தாலும் முழுப் பலன் கிட்டாது.

மாத்திரை கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ எச்.பி.ஏ.1.சி. பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிறுநீரில் புரதம் மூன்றையும் தவறாமல் கவனிக்க வேண்டும். இந்தப் பரிசோதனைகள் கடைக்கோடிக் கிராமத்து ஏழைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெண்களின் விஷயத்தில் இது இன்னும் அவசியம். வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் மாத்திரையை மறந்துவிடும் தாய்க்கே, இருதயம் தளரும் அபாயம் ஆணைவிட அதிகமாகக் கூடுகிறது என்பதைக் குடும்பத்தார் நினைவில் வைக்க வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரரின் இருதயத்தில் துரு ஏறுவது மெய். அதைத் தடுக்க முடியும் என்பதும் மெய். ஆனால் அந்தக் காவல் கடை அலமாரியில் விற்கும் புட்டிக்குள் இல்லை. காலையில் நடக்கும் அரை மணி நேரத்திலும், மத்தியான்னம் இலையில் விழும் சோற்றின் அளவிலும், அணைத்துப் போட்ட கடைசி பீடியிலும், வேளை தவறாமல் விழுங்கும் சாதாரண மாத்திரையிலும் அது இருக்கிறது. இவற்றில் பளபளப்பு எதுவும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மனிதர்களிடம், ஆண்டுக் கணக்கில் நடந்த பரீட்சைகளில் தேறி வந்தவை இவையே. வீண் புட்டிக்குச் செலவாகும் பணத்தைக் காய்கறிக்கும் பரிசோதனைக்கும் திருப்பினால், குடும்பத்தின் கையும் காப்பாற்றப்படும்; குடும்பத் தலைவரின் இருதயமும் காப்பாற்றப்படும்.